அட்டைப்பெட்டியில் அச்சிடாத நிபந்தனைகள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கையடக்க டிஜிட்டல் இசைக் கருவி வாங்குகிறவர்கள் மாடல்களை எப்படி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது இன்றைய தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்ததும், எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிற காலத்தில் இது யாருக்கு என்று சிலர் நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆப்பிள் நிறுவனமே 2022 மே மாதம் ஐபாட் டச்சை நிறுத்தி, இருபது ஆண்டுக்கால ஐபாட் வரிசையை முடித்துவிட்டது. ஆனாலும் சோனி இன்றும் வாக்மேன் விற்கிறது. சீனாவின் ஃபியோ, ஹைபி, ஷான்லிங் போன்ற நிறுவனங்கள் புதுப்புதுக் கருவிகளை இறக்கிக்கொண்டே இருக்கின்றன. பாட்டுக்கு நடுவே யாரும் கூப்பிடக் கூடாது என்பவர்கள் வாங்குகிறார்கள். படிக்கிற பிள்ளை கையில் போனைக் கொடுக்கத் தயங்கும் பெற்றோர் வாங்குகிறார்கள். கேட்கிற பாட்டு தன்னிடமே இருக்க வேண்டும், சந்தா கட்டாத மாதம் மறைந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்களும் வாங்குகிறார்கள். இவர்களில் யாரும் இந்த அரங்கில் இல்லையென்றாலும் பாதகமில்லை. ஒப்பிட்டு வாங்குகிறவன் எங்கெங்கே தடுக்கி விழுவான் என்பதை இந்தக் கருவியின் கதையைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இப்படிச் சுருக்கிய கோப்பாக இருந்தால் இத்தனை பாட்டு. இந்தச் சத்தத்தில் வைத்தால் இத்தனை மணி நேரம். எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள்; நிபந்தனையைப் பொடி எழுத்தில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள். நிபந்தனையைக் கேட்காமல் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத்தான் நம்மில் பலர் ஒப்பீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ‘இத்தனை பாட்டு’ என்ற கணக்கைப் பார்ப்போம். ஒரு சிடியில் ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். இடம், வலம் என்று இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். ஒரு மணி நேர இசைக்கு 635 எம்பி ஆகிறது. 1990-களின் மெமரி சிப் விலைக்கு இது கட்டுப்படியாகாது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய எம்பி3 முறை இந்த இடத்தில்தான் கை கொடுத்தது. ஒரு பலத்த ஓசை ஒலிக்கும்போது அதை ஒட்டி எழும் மெல்லிய ஓசையை நம் காது கவனிப்பதில்லை. கவனிக்காததைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதினால் 1,411 கிலோபிட் 128 ஆகச் சுருங்குகிறது. பதினொன்றில் ஒரு பங்கு.

அப்படியும் 1998-இல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் வெளியிட்ட எம்பிமேன் கருவியில் 32 எம்பிதான் இடம். நான்கு நிமிடப் பாட்டு ஒன்று 128 கிலோபிட்டில் 3.84 எம்பி. ஆக எட்டுப் பாட்டு. அதே ஆண்டு அமெரிக்காவில் 200 டாலருக்கு வந்த டயமண்ட் ரியோவிலும் 32 எம்பிதான். அந்த எட்டுப் பாட்டுக் கருவியைப் பார்த்தே அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் பயந்துபோய் வழக்குப் போட்டது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோவின் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னால் வந்த அத்தனை கருவிகளுக்கும் அந்தத் தீர்ப்புதான் கதவைத் திறந்துவிட்டது.

சிப் விலை குறைந்தது, கையளவு ஹார்ட் டிஸ்க் வந்தது, எண்கள் ஊதத் தொடங்கின. 2001-இல் ஆப்பிள் முதல் ஐபாடை ‘ஆயிரம் பாட்டு’ என்று விளம்பரப்படுத்தியது. இடம் 5 ஜிபி. வகுத்துப் பாருங்கள், ஒரு பாட்டுக்கு 5 எம்பி. நான்கு நிமிடப் பாட்டை 160 கிலோபிட்டில் வைத்தால் வருகிற அளவு இது. நேர்மையான கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும். 2004-இல் சோனி, 20 ஜிபி டிஸ்க் கொண்ட என்டபிள்யூ-எச்டி1 என்ற வாக்மேனைக் கொண்டுவந்து 13,000 பாட்டு என்றது. இதையும் வகுத்துப் பாருங்கள். ஒரு பாட்டுக்கு ஒன்றரை எம்பி. எப்படி? சோனியின் சொந்தச் சுருக்கமுறையான ஏட்ராக்கில் வினாடிக்கு 48 கிலோபிட் வைத்துப் போட்ட கணக்கு அது. அதே டிஸ்க்கை 128 கிலோபிட் கணக்கில் நிரப்பினால் 5,200 பாட்டுதான். 256 கிலோபிட் என்றால் 2,600. கருவி ஒன்றுதான், டிஸ்க்கும் ஒன்றுதான். எண் மட்டும் 13,000-இலிருந்து 2,600 வரை ஊசலாடுகிறது. கடையில் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து ‘இதில் ஆயிரம், அதில் பதின்மூன்றாயிரம்’ என்று பார்த்தவருக்கு இது எங்கே தெரியப்போகிறது?

இந்தப் ‘பாட்டு’ என்ற அளவையே நம்மவர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். நான்கு நிமிடம் என்பது மேல்நாட்டுப் பாப் பாடலின் நீளம். நம் சினிமாப் பாடலுக்கு ஓரளவு பொருந்தும். ராகம் தானம் பல்லவி ஒரு மணி நேரம் கேட்கிறவருக்கு? ஆயிரம் பாட்டு என்றால் சுமார் 66 மணி நேரம். அவருக்கு அது 66 உருப்படிகள். எனவே பாட்டுக் கணக்கை விட்டுவிடுங்கள். உங்களிடம் எத்தனை மணி நேர இசை இருக்கிறது, எந்தத் தரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். 128 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி வேண்டும். 320 என்றால் 144 எம்பி. எதையும் கழிக்காமல் சுருக்கும் ஃப்ளாக் முறையில், சிடி அளவில் பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலோ பிடிக்கும். இந்த மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்லும் பாட்டுக் கணக்கு நமக்குத் தேவையே இல்லை.

ஜிபி என்பதிலும் ஒரு சிறு விஷயம். தயாரிப்பாளர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள். கணினிகளில் பல 1,073,741,824 பைட்டை ஒரு ஜிபி என்று காட்டுகின்றன. 4 ஜிபி வாங்கியவருக்குத் திரையில் 3.7 தெரிவது இதனால்தான், யாரும் திருடவில்லை. ஆண்ட்ராய்டில் ஓடும் இன்றைய கருவிகளில் அந்த மென்பொருளே ஒரு பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே ‘பயனர் எடுத்துக்கொள்ளக்கூடிய இடம்’ எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். உண்மையிலேயே திருடுகிற கதை வேறு. சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் சில மெமரி கார்டுகளும் பெயரில்லாத பிளேயர்களும் உள்ளே 4 ஜிபி வைத்துக்கொண்டு 64 என்று கணினியிடம் பொய் சொல்லும். பாட்டை ஏற்றும்போது ஒரு பிழையும் காட்டாது. இடம் தீர்ந்ததும் புதுப் பாட்டு எங்கும் பதியாமல் போகும், அல்லது பழைய பாட்டின் மேலேயே ஏறிவிடும். மாதம் ஒன்று கழித்துத்தான் தெரியவரும்.

இனி நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம். 2001 அக்டோபர் 23 அன்று ஐபாட் அறிமுகமானது. விலை 399 டாலர். சந்தையில் அதற்கு முன்பே, சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் நோமாட் ஜூக்பாக்ஸ் என்ற கருவியை விற்றுக்கொண்டிருந்தது. இடம் 6 ஜிபி. ஐபாட் வந்த அன்றே, கணினி ஆர்வலர்கள் நடுவில் பெயர் பெற்ற ஒருவர் அதை ஒரே வரியில் தள்ளுபடி செய்தார்: வயர்லெஸ் கிடையாது, நோமாடைவிட இடம் குறைவு, உருப்படாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். தொழில்நுட்ப உலகில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன். அவர் செய்தது நாம் எல்லோரும் செய்வதுதான். பட்டியலில் எந்த வரியில் எண் இருந்ததோ அந்த வரியை ஒப்பிட்டார். ஆறு, ஐந்தைவிடப் பெரியது. அதில் தவறில்லை.

பட்டியலில் அவர் பார்க்காமல் விட்டது எது? நோமாடில் இருந்தது மடிக்கணினியில் போடுகிற இரண்டரை அங்குல டிஸ்க். அதனால் கருவியே ஒரு சிடி பிளேயர் அகலத்துக்கு இருந்தது. ஐபாடில் தோஷிபா அப்போதுதான் கொண்டுவந்திருந்த 1.8 அங்குல டிஸ்க். மொத்த எடை சுமார் 185 கிராம். ஒன்று பைக்குள் போகும், மற்றது சட்டைப் பைக்குள் போகும். அதைவிடப் பெரிய விஷயம், பாட்டு உள்ளே போகிற வழி. நோமாட் அன்றைய யுஎஸ்பியில் இணைந்தது. அதன் உச்ச வேகமே வினாடிக்கு 12 மெகாபிட். ஐபாட் ஃபயர்வயரில் இணைந்தது, 400 மெகாபிட். 5 ஜிபி பாட்டை ஏற்ற, உச்ச வேகத்திலேயே ஓடினாலும் பழைய யுஎஸ்பிக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். ஃபயர்வயரில் பத்து நிமிட வேலை. ஏற்றுவதற்குச் சிரமமாக இருந்தால் மனிதன் என்ன செய்வான்? முதல் நாள் ஏற்றியதையே ஆறு மாதம் கேட்பான். பிறகு கருவியை அலமாரியில் வைப்பான். அப்புறம் 6 ஜிபி இருந்தென்ன, 60 இருந்தென்ன?

ஐபாடுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. முதல் ஐபாட் ஆப்பிள் கணினியோடு மட்டும்தான் பேசும். விண்டோஸ் வைத்திருந்தவருக்கு அது 399 டாலர் கொடுத்து வாங்கிய வெள்ளைக் கட்டி. விண்டோஸுக்கான ஐபாட் 2002-இல்தான் வந்தது; ஐட்யூன்ஸ் மென்பொருள் விண்டோஸுக்கு வந்தது 2003 அக்டோபரில். அதாவது அன்றைய கணினிப் பயனர்களில் பெரும்பாலோருக்கு, 2001-இல் நோமாட்தான் சரியான தேர்வு! அந்த ஆர்வலரின் தீர்ப்பு சரியா தவறா என்பது, கேட்பவர் மேசையில் எந்தக் கணினி இருந்தது என்பதைப் பொறுத்தது. ‘எது சிறந்த மாடல்?’ என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பது இதனால்தான்: உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?

கருவி எந்தக் கோப்பை வாசிக்கும் என்பது அடுத்தது. சொந்தமாக இசைத்தட்டு நிறுவனமும் வைத்திருந்த சோனிக்குத் திருட்டுப் பிரதி பற்றிய அச்சம் அதிகம். அதனால் தன் கருவிகளை ஏட்ராக் முறைக்குள்ளேயே வெகுகாலம் பூட்டி வைத்திருந்தது. உங்களிடம் இருக்கும் எம்பி3-களை அதன் மென்பொருள் வழியாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். வாக்மேனை 1979-இல் உலகுக்குக் கொடுத்த நிறுவனம் டிஜிட்டல் சந்தையை நழுவவிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் வேடிக்கை. 2004-இல் அந்த நிறுவனம் ‘பிளேஸ் ஃபார் ஷ்யூர்’ என்று ஒரு முத்திரை கொடுத்தது. முத்திரை உள்ள கடையில் பாட்டு வாங்கினால், முத்திரை உள்ள கருவியில் நிச்சயம் ஓடும் என்று பொருள். 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்டே ஜூன் என்ற சொந்தக் கருவியை வெளியிட்டது. அந்த முத்திரைப் பாட்டு ஜூனில் ஓடாது! சொந்தக்காரனே வாக்கைக் காப்பாற்றவில்லை. (ஜூனுக்கு வேறு ஒரு புகழும் உண்டு. 2008 லீப் வருடத்தின் கடைசி நாளில், 366 ஆவது நாளை எப்படிக் கையாள்வது என்று தெரியாமல் அதன் 30 ஜிபி கருவிகள் ஒரே நாளில் உறைந்து நின்றன. பேட்டரி தீரவிட்டு, மறுநாள் சார்ஜ் போடுங்கள் என்பதுதான் மருந்து.) ஆப்பிளின் கடையில் வாங்கிய பாட்டுகளும் 2009-இல் பூட்டு கழற்றப்படும் வரை மற்ற நிறுவனக் கருவிகளில் பெரும்பாலும் ஓடாமல்தான் இருந்தன.

இன்று பூட்டு பெரும்பாலும் போய்விட்டது. எம்பி3, ஏஏசி, ஃப்ளாக் மூன்றையும் ஏறத்தாழ எல்லாக் கருவியும் வாசிக்கும். பூட்டு இப்போது ப்ளூடூத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. பெட்டியில் ‘எல்டேக், 990 கிலோபிட்’ என்று ஒரு ப்ளூடூத் சுருக்கமுறையின் பெயரைப் போட்டிருப்பார்கள். உங்கள் காதில் மாட்டும் கருவியிலும் எல்டேக் இருந்தால்தான் அது வேலை செய்யும். இருந்தாலும், அலைவரிசை நெரிசலில் 660-க்கோ 330-க்கோ இறங்கிவிடும். நெரிசலான பேருந்தில் கேட்கிறவர் 990-க்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

பாட்டைக் கண்டுபிடிக்கும் வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பாட்டு கேட்கிறவர்கள் அதிகம் அவதிப்படுவது இங்கேதான். ஐபாட் வழிவந்த கருவிகள் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் குறிப்புகளை வைத்துப் பாட்டைப் பிரிக்கும்: கலைஞர், ஆல்பம், பாடல். ஒரு குழு, அதன் ஆல்பம், அதில் பத்துப் பாட்டு என்று கேட்கும் ஊருக்குப் போட்ட அறைகள் இவை. நம் சினிமாப் பாட்டில் கலைஞர் யார்? பாடியவரா, இசையமைத்தவரா? டூயட் என்றால்? ஒரு கோப்பில் எஸ்.பி.பி. என்று இருக்கும், இன்னொன்றில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், மூன்றாவதில் பாட்டை இறக்கிய இணையதளத்தின் பெயர் இருக்கும். இளையராஜாவை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்களோ அத்தனை இளையராஜாக்கள் வரிசையாக நிற்பார்கள். கர்நாடக இசையில் ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர் என்று நான்கு விவரம் வேண்டும். ராகத்துக்கு அங்கே அறையே கிடையாது.

இதற்கு வழி, கோப்புறை வாரியாகப் பார்க்க முடிகிற கருவி. கொரியாவின் ஐரிவர், கோவன் கருவிகளில் இந்த வசதி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. சான்டிஸ்கின் கிளிப்+ போன்ற சிறு கருவிகளிலும் வந்தது. ஐபாடில் கிடையாது. கோப்புறை இருந்தால் நீங்களே தோடி என்று ஒன்று, காம்போதி என்று ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஆண்டு வாரியாக, படம் வாரியாக, எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். அழகாக இருக்காது, ஆனால் தேடியது கிடைக்கும். ஐரிவர், கோவன் கருவிகளுக்கு விளம்பரம் இல்லாமலே உலகெங்கும் ஒரு விசுவாசக் கூட்டம் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

தமிழ் எழுத்து தெரிகிறதா என்பதையும் பாருங்கள். பழைய குறிப்பு முறையில் பாட்டின் பெயருக்கு 30 எழுத்துதான் இடம், அதுவும் மேல்நாட்டு எழுத்துக்கு மட்டும். பிறகு யூனிகோடு வந்தது. ஆனால் கோப்பில் தமிழ் இருப்பது வேறு, கருவியின் எழுத்துருவில் தமிழ் இருப்பது வேறு. இல்லையென்றால் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துரு இருந்தாலும், கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போடத் தெரியாத கருவிகள் ‘கொ’ என்பதைப் பிய்த்துப் போட்டுக் காட்டும். ஆண்ட்ராய்டு கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை. சொந்த மென்பொருளில் ஓடும் மலிவான கருவிகளில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். திரையே இல்லாமல் 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐபாட் ஷஃபிள், பாட்டின் பெயரைக் குரலிலேயே சொன்னது. பதினான்கு மொழிகளில். அவற்றில் தமிழ் இல்லை.

இடைவெளி இல்லாமல் வாசிப்பது என்று ஒரு விஷயம் உண்டு. விளம்பரத்தில் பெரும்பாலும் இருக்காது. கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு தடம், கீர்த்தனை ஒரு தடம், தனி ஆவர்த்தனம் ஒரு தடம் என்று வெட்டியிருப்பார்கள். சிடியில் கேட்டால் ஒட்டு தெரியாது. எம்பி3 ஆக்கும்போது கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ந்துகொள்ளும். அதைக் கழித்துவிட்டு வாசிக்கத் தெரியாத கருவியில், கரவொலிக்கு நடுவே சட்டென்று ஒரு வெட்டு விழும். ஐபாடே இதை 2006-இல்தான் சரிசெய்தது. நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொள்வதும் இந்த வகைதான். மூன்று மணி நேர உபன்யாசத்தை நாலு தவணையாகக் கேட்கிற பாட்டிக்கு, அணைத்துப் போட்டால் முதலிலிருந்து தொடங்குகிற கருவி எத்தனை ஜிபி இருந்தாலும் தண்டம்.

பேட்டரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோனியின் என்டபிள்யூ-ஏ306 மாடலுக்கு அந்த நிறுவனமே இரண்டு எண் கொடுக்கிறது: சிடி தர ஃப்ளாக் என்றால் 36 மணி நேரம், 96 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் என்றால் 32. நிபந்தனையை வெளியே சொல்கிறார்கள், பாராட்ட வேண்டும். திரையை அணைத்து, மிதமான சத்தத்தில், ஈக்வலைசர் எதுவும் இல்லாமல் அளப்பதுதான் பொது வழக்கம். நம் கையில் அதற்குக் குறைவாகத்தான் வரும். அதைவிட முக்கியம், இரண்டு மூன்று ஆண்டு கழித்து என்ன ஆகும் என்பது. டயமண்ட் ரியோவில் சாதாரண ஏஏ பேட்டரி ஒன்று. தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போடலாம். ஐபாடில் பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். 2003-இல் நியூயார்க்கின் நைஸ்டாட் சகோதரர்கள், தங்கள் ஐபாடின் பேட்டரி பதினெட்டு மாதத்தில் செத்துப்போனதை ஒரு குறும்படமாக எடுத்துப் பரப்பினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் 99 டாலருக்குப் பேட்டரி மாற்றும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. பயனர்கள் தொடுத்த வழக்கு 2005-இல் சமரசத்தில் முடிந்தது. ஆகவே பேட்டரியை மாற்ற முடியுமா, நம் ஊரில் யார் மாற்றுவார்கள் என்ற இரண்டு கேள்விகளும் ‘எத்தனை மணி நேரம்’ என்பதற்கு முன்னால் வர வேண்டும்.

‘நாதம் எதில் நன்றாக இருக்கும்?’ எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் கடைசியில் வைத்திருக்கிறேன். இந்த வரியில்தான் எண்கள் மிகவும் ஆடம்பரமானவை: 192 கிலோஹெர்ட்ஸ், 384 கிலோஹெர்ட்ஸ், 32 பிட். நல்ல இளம் காதுக்கு எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரை. நாற்பது ஐம்பது வயதில் அதுவும் இறங்கிவிடும். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் முறை 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்துவிடுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் வௌவாலுக்குப் பயன்படலாம். ஒழுங்காகச் செய்த இரண்டு கருவிகளுக்கு நடுவில் இருக்கிற வேறுபாட்டைவிட, இரண்டு இயர்போன்களுக்கு நடுவில் இருக்கிற வேறுபாடு பல மடங்கு அதிகம். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை இயர்போனுக்கு ஒதுக்குங்கள் என்பது என் யோசனை.

கடையில் இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிக் கேட்கும்போது ஒரு கண்ணி உண்டு. ஒன்று மற்றதைவிடத் துளி சத்தமாக இருந்தாலும் போதும், அதுவே நன்றாக இருப்பதாக மனம் முடிவு கட்டிவிடும். சத்தம் கூடியிருப்பது நமக்குத் தெரியாது; ‘தெளிவாக இருக்கிறது’ என்போம். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகு, எது எது என்று தெரியாதபடி நண்பரை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் வேறுபாடு கேட்டால் அது உண்மை. ஐரோப்பிய ரசிகர் ஒருவர் ‘இந்த மாடலில் சத்தம் போதாது’ என்று எழுதியிருந்தால் அதையும் யோசித்துப் படியுங்கள். காதைக் காக்க ஐரோப்பாவில் சத்தத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே விற்கும் கருவியும் இங்கே விற்கும் கருவியும் ஒரே பெயரில் வெவ்வேறாக இருக்கலாம். வரம்பு வைத்ததில் காரணம் இருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டாதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இயர்போன் மாட்டும் துளையையும் பாருங்கள். சற்று முன் சொன்ன ஷஃபிளில் பொத்தான்களைக் கருவியிலிருந்து எடுத்து இயர்போன் கம்பியில் வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே நல்ல ஹெட்போன் வைத்திருந்தவர் அதை மாட்டினால் பாட்டை நிறுத்தவோ மாற்றவோ வழியில்லை. தனியாக ஒரு இணைப்பு வாங்க வேண்டும். அடுத்த ஆண்டே பொத்தான்கள் கருவிக்குத் திரும்பின.

இந்தப் பேச்சில் ஏன் கார்வானைப் பற்றிச் சொல்லவில்லை என்று ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சொல்லத்தான் போகிறேன். சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த பெட்டி அது. தமிழ்ப் பதிப்பில் 5,000 பாட்டு ஏற்றியே வருகிறது. நான் இதுவரை சொன்ன எந்த அளவுகோலில் வைத்தாலும் அது தோற்கும். அந்த விலைக்குப் பத்து மடங்கு இடமுள்ள கருவி கிடைக்கும். ஆனால் கணினி வேண்டாம், ஏற்றும் வேலை வேண்டாம், தேடும் வேலை வேண்டாம். குமிழைத் திருகினால் பாட்டு வரும். எழுபது வயதுக்காரருக்குப் பரிசளிக்கிற பிள்ளைகள் அதைத்தான் தேடினார்கள். அதற்கும் நிபந்தனை உண்டு: உள்ளே இருப்பவை சரிகம நிறுவனத்தின் உரிமையில் உள்ள பாடல்கள்தாம். அப்பாவுக்குப் பிடித்த படத்தின் இசைத்தட்டை வேறு நிறுவனம் வெளியிட்டிருந்தால் அந்தப் பாட்டு அதில் இருக்காது. வாங்குவதற்கு முன் அவருக்குப் பிடித்த இருபது பாட்டை எழுதி, பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.

கடைசியாக, கடைக்குப் போகிறவர்களுக்கு. உங்கள் மெமரி கார்டையே எடுத்துப் போங்கள். அதில் தமிழில் பெயரிட்ட பாட்டு ஒன்று, ஒட்டில்லாமல் தொடர வேண்டிய கச்சேரித் தடங்கள் இரண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் பேச்சு ஒன்று, ஒரு ஃப்ளாக் கோப்பு ஆகியவை இருக்கட்டும். உங்கள் இயர்போனையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் தன் கருவியில் ஏற்றி வைத்திருக்கும் பாட்டை மரியாதைக்கு ஒருமுறை கேட்டுவிட்டு உங்கள் கார்டைப் போடுங்கள். கண்ணால் பார்க்காமல், சட்டைப் பைக்குள் கை விட்டுப் பாட்டை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். பேச்சை நடுவில் நிறுத்தி, அணைத்து, மறுபடி போடுங்கள். வாங்கி வந்த அன்றே கருவியை முழுக்க நிரப்பி, கடைசியாக ஏறிய பத்துப் பாட்டையும் ஓடவிட்டுக் கேளுங்கள். போலிக் கொள்ளளவு இருந்தால் அங்கேதான் பிடிபடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பிடிபட வேண்டும் என்பது முக்கியம். அதுவரை பெட்டியையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.